கறுப்பியின் பால் ஏன் குறைந்தது?

"என்னம்மா, இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சா?"

பால் ஊற்றுகிற இடத்தில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். கொழுப்பு 5.2. மாசி மாதத்தில் இதே எருமையின் பால் 7.1 காட்டியது. ஒன்பது லிட்டர் ஊற்றிய இடத்தில் இப்போது ஐந்து லிட்டர். அதிலும் கொழுப்பு இல்லை. தூக்கை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

எங்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் அம்மாபேட்டை பக்கம் ஒரு கிராமம். குத்தகை நிலம் ஒன்றரை ஏக்கர். ஜனவரி 28-ம் தேதி மேட்டூர் அணையை மூடினால், வழக்கப்படி ஜூன் 12-ம் தேதிதான் திறப்பார்கள். நடுவில் உள்ள மாதங்களில் வயலில் உளுந்து, பயறு கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் கறுப்பிதான் எங்களுக்குச் சோறு. மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் அவளை வாங்கினோம். முர்ரா கலப்பு. சுருண்ட கொம்பு, கண்ணாடி மாதிரி பளபளக்கிற தோல். மூன்றாவது ஈத்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை இது. அந்த மாசியில் கறுப்பி ஒரு கிடாக்கன்று போட்டாள். பங்குனியில் கன்று செத்துப் போயிற்று. அதே சமயம் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்தாள். பத்திய சமையல், வெந்நீர், குழந்தைக்குக் குளிப்பாட்டல் என்று நான் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டேன். கறப்பதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்தார் எங்க வீட்டுக்காரர். அந்த ஆளுக்கு ஊரில் பத்து மாடு. ஒரு நாள் ஐந்து மணிக்கு வருவார், ஒரு நாள் ஏழு மணிக்கு. வந்ததும் உட்காருவார், நாலு இழுப்பு இழுப்பார், எழுந்து போய்விடுவார்.

பால் குறையக் குறைய ஆளுக்கொரு யோசனை. "செத்த கன்னுத் தோல்ல வைக்கோலை அடைச்சு முன்னால நிறுத்துடி, நக்கிக்கிட்டே சுரப்பு விடும்" என்றார் என் மாமியார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு மனசு வரவில்லை. கறக்க வந்த ஆள், "ஒரு ஊசி இருக்கு, ரெண்டே நிமிஷம், குடம் நெறையும்" என்றார். இவரோ, "பேசாம சந்தையில ஓட்டி வித்துட்டுக் கடனைக் கட்டிடலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். இந்த நிலைமையில்தான் 'தண்ணீர் கலக்கிறவள்' என்ற பட்டமும் வந்து சேர்ந்தது!

சீட்டே சாட்சி சொன்னது

மறுநாள் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். சின்ன வயசு. 2012-ல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தார்களே, அங்கே படித்தவராம். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கறுப்பியைப் பார்ப்பதற்கு முன்னால், "பழைய சீட்டெல்லாம் வெச்சிருக்கீங்களா, எடுத்துட்டு வாங்க" என்றார். அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த சீட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"இங்க பாருங்கம்மா, சீட்டுல ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு கொழுப்பு. இன்னொண்ணு கொழுப்பு இல்லாத மத்த சத்து. புரதம், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்ந்தது. மாசியில கொழுப்பு 7.1, மத்த சத்து 9.1. நேத்து கொழுப்பு 5.2. ஆனா மத்த சத்து? அதே 9.1! தண்ணி கலந்து கொழுப்பை இவ்வளவு இறக்கணும்னா, மத்த சத்தும் 7-க்குக் கீழ போயிருக்கணுமே. நீங்க தண்ணி கலக்கலை. இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சகோதரிகளே, நீங்கள் பால் ஊற்றுகிறவராக இருந்தால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! தண்ணீர் கலந்தால் இரண்டு கணக்கும் சேர்ந்து இறங்கும். கொழுப்பு மட்டும் இறங்கினால் காரணம் வேறு.

"அப்ப கொழுப்பு எங்க போச்சு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலை. மடிக்குள்ளேயே இருக்கு. அவ இறக்கலை!"

எருமையின் மடி

பசுவின் மடியில் காம்புக்கு மேலே சிறு தொட்டி மாதிரி ஓர் இடம் உண்டு. கறவைக்கு முன்பே அதில் கொஞ்சம் பால் இறங்கி நிற்கும். அதனால் பசு மனசு வைக்காவிட்டாலும் ஓரளவு கறந்துவிடலாம். எருமைக்கு அந்தத் தொட்டி மிகச் சிறியது. நூற்றுக்கு ஐந்து பங்கு பால்தான் அதில் நிற்கும். மீதி தொண்ணூற்றைந்து பங்கும் மேலே நுண்ணிய பால் அறைகளில் தங்கியிருக்கும். மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, அந்த அறைகளைப் பிழிந்துவிட்டால்தான் பால் கீழே இறங்கும். கன்று முட்டினாலோ, பழகிய கை மடியைத் தடவினாலோ, தீவன வாளியின் சத்தம் கேட்டாலோ அந்த ஹார்மோன் சுரக்கும். பயம், வலி, புது ஆள், கூச்சல் இருந்தால் சுரக்காது. பசுவைவிட எருமைக்கு இதற்கு நேரமும் அதிகம் வேண்டும்.

இன்னொரு விஷயம். முதலில் வருகிற பால் தண்ணீர் போல இருக்கும், அதில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் சொட்டச் சொட்டக் கறக்கிற பாலில்தான் கொழுப்பு பல மடங்கு. அவசர ஆள் நாலு இழுப்பில் எழுந்து போனபோது விட்டுப்போனது அந்தக் கொழுத்த பாலைத்தான். அளவும் குறைந்தது, கொழுப்பும் குறைந்தது. சாதாரணமாக ஈத்தின் கடைசி மாதங்களில் பால் குறைந்தால் கொழுப்பு கூடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் 'முழுக்க இறங்கவில்லை' என்று முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். அதோடு, மடியில் பால் தங்கிக்கொண்டே இருந்தால், 'இவ்வளவு போதும்' என்று உடம்பு சுரப்பதையே குறைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டுக்கொண்டே நடையில் உட்கார்ந்திருந்த என் பெண், "அம்மா, ஆஸ்பத்திரி நர்சு என்கிட்ட சொன்னதும் இதேதான்!" என்றாள். பிரசவமான முதல் வாரம் அவளுக்குப் பால் சரியாக வரவில்லை. வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும், "பால் இருக்கா, பத்துதா?" என்று கேட்டுக் கேட்டு அவளை அழ வைத்துவிட்டார்கள். நர்சுதான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கொடுத்து, "நிம்மதியா இரு, அடிக்கடி குடிக்க விடு, தானா வரும்" என்றாராம். வந்தது! வேலை செய்தது அதே ஆக்ஸிடோசின்தான். மனுஷிக்குச் செய்த உபசாரத்தைக் கொட்டகையில் நிற்கிற தாய்க்கு நான் செய்யவில்லை.

அந்த ஊசி

ஊசியும் அதே ஹார்மோன்தான் என்றால் போட்டால் என்ன என்று இவர் கேட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிரசவச் சிக்கல்களுக்கு டாக்டர் கையால் போடுகிற மருந்து அது. தினம் போட்டுப் பழக்கினால், பிறகு ஊசி இல்லாமல் எருமை சுரப்பே விடாது. பால் கறப்பதற்காக இப்படி மாட்டின் உடம்பைக் கெடுக்கிற ஊசி போடுவதை 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. "குறுக்கு வழி வேண்டாம்மா. இருபது நாள் நான் சொல்றபடி செய்யுங்க" என்றார். அவர் சொன்னதையும், நான் செய்ததையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரே கை, ஒரே நேரம்

கறவை ஆளை நிறுத்திவிட்டு, காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று நானே உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் பேத்தியை மாமியார் பார்த்துக்கொண்டார். தீவன வாளியை முன்னால் வைத்து, மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, இரண்டு மூன்று நிமிஷம் தடவிக் கொடுப்பேன். காம்பு நிறைந்து விறைத்த பிறகுதான் கறக்கத் தொடங்குவேன். தொடங்கினால் ஏழெட்டு நிமிஷத்துக்குள் சொட்டு மிச்சமில்லாமல் முடித்துவிடுவேன். கட்டைவிரலை மடித்து இழுத்தால் காம்பில் காயம்படும். முழுக் கையால் பிடித்து அழுத்திக் கறக்க வேண்டும்.

முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ, ரத்தம் கலந்தோ வந்தால் மடிநோய். உடனே வைத்தியம் செய்ய வேண்டும். ஊசி மருந்து போட்ட நாட்களில், டாக்டர் சொல்கிற கெடு வரை அந்தப் பாலை ஊற்றவும் கூடாது, குடிக்கவும் கூடாது. கறந்ததும் காம்புத் துவாரம் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். மாடு உடனே சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். அதனால் கறந்து முடித்ததும் கொஞ்சம் புல் போட்டு அரை மணி நேரம் நிற்க வைப்பேன்.

வெயில்

"எருமைக்கு வேர்வைச் சுரப்பி ரொம்பக் குறைவு. தோலும் கறுப்பு, முடியும் இல்லை. அதான் தண்ணியைத் தேடுது. சோம்பேறித்தனம் இல்லை" என்றார் டாக்டரம்மா. எங்கள் ஊர்க் குட்டை சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கறுப்பி பகல் முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சூடு தாங்காத மாடு தீனி எடுக்காது. பாலும் கொழுப்பும் இறங்கும். சினைப் பருவமும் தெரியாது.

குட்டை இல்லாவிட்டால் என்ன? கூரை மேல் தென்னங்கீற்று பரப்பினோம். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் போர் தண்ணீரை உடம்பு நனைய ஊற்றினேன். கறவை எருமைக்கு நாளைக்கு 60, 70 லிட்டர் குடிதண்ணீர் வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. நான் இரண்டு வேளை ஒரு வாளி வைத்துக்கொண்டிருந்தேன்! பாலில் பெரும்பங்கு தண்ணீர்தானே. குடிக்காமல் எங்கிருந்து வரும்? தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்தேன். வைக்கோலைப் பகலில் போடாமல் பொழுது சாய்ந்த பிறகு போட்டேன்.

வைக்கோல் மட்டும் போதுமா?

நம் டெல்டாவில் மாடு என்றால் வைக்கோல். வயிறு நிறையும், ஆனால் சத்து? அதில் புரதம் மூன்று நாலு சதவீதம்தான். சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத ஆக்ஸலேட் வேறு அதில் இருக்கிறது. பச்சை வேண்டும், பருப்பு வகைச் செடி வேண்டும். சம்பாவுக்குப் பின் விதைக்கிற உளுந்து, பயறு பிடுங்கியதும் அந்தக் கொடியைக் காய வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அருமையான தீனி. கொல்லையில் கழிவுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கோ-4 புல் கரணை நட்டேன். வேலியில் அகத்தி. தவிடும் பிண்ணாக்கும் உடம்புக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் இரண்டு லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்கு. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை.

ஒரு எச்சரிக்கை. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை, 'மாட்டுக்குத்தானே' என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் விஷம் பாலில் வரும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகள்தான்.

கன்று ஏன் செத்தது?

இதை எழுதக் கை கூசுகிறது. கிடாக்கன்று, வளர்த்து என்ன பிரயோஜனம் என்று நாங்கள் அதற்குப் பால் விடவில்லை. கறந்த பிறகு வெறும் காம்பைச் சப்ப விட்டோம். சீம்பாலைக்கூடப் பாதி எடுத்துத் திரட்டுப்பால் கிண்டித் தெருவெல்லாம் கொடுத்தேன். பிறந்த ஒன்றிரண்டு மணிக்குள் சீம்பால் வயிற்றில் போனால்தான் கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி வரும். முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாள் மூன்று லிட்டர் வேண்டும். எருமைக் கன்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வயிற்றுப் புழு. தாய்ப்பால் வழியாகவே அது வரும். பத்தாம் நாள் குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இரண்டு லிட்டர் பாலை மிச்சம் பிடிக்கப் போய், நாலு லிட்டரை இழந்தோம். அந்த ஜீவனும் போயிற்று.

இருபத்திரண்டாம் நாள்

முதல் வாரம் பெரிய மாற்றம் இல்லை. கறுப்பி திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பாள், சுரப்பை அடக்குவாள். நான் கோபிக்கவில்லை. பத்தாம் நாள் வாளியைக் கண்டதும் காம்பு நிறைந்தது. இருபத்திரண்டாம் நாள் ஏழரை லிட்டர். கொழுப்பு 6.9! பழைய ஒன்பது அந்த ஈத்தில் வரவே இல்லை. ஒரு முறை உடம்பு குறைத்துக்கொண்டதை முழுக்க மீட்க முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனாலும் தவணை தவறவில்லை. கறுப்பியும் சந்தைக்குப் போகவில்லை. அந்தப் பையன் சீட்டைக் கொடுக்கும்போது, "இப்ப நல்லா இருக்கும்மா" என்றான். "அப்பவும் நல்ல பால்தாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எருமை என்றால் நமக்கு இளக்காரம். பிள்ளையைத் திட்டுவதற்கு அந்தப் பெயர்தான் வருகிறது. நம் நாட்டுப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எருமையுடையது. எருமைப் பாலில் பவுடர் செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னபோது, குஜராத்தில் ஆனந்த் கூட்டுறவுக்காரர்கள் 1955-ல் செய்து காட்டினார்கள். இத்தாலிக்காரர்கள் பெயர் பெற்ற மொஸரெல்லா சீஸை எருமைப் பாலில்தான் செய்கிறார்கள். எருமைக்கென்றே 1985-ல் ஹரியானாவின் ஹிஸாரில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலோ, 2012 கணக்கெடுப்பில் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்த எருமைகள் 2019-ல் ஐந்தேகால் லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. குட்டையும் போய், மேய்ச்சலும் போனால் அவை எங்கே நிற்கும்?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எருமைப் பால் வெள்ளை வெளேர் என்றிருந்தால் சந்தேகப்படாதீர்கள். பசும்பாலுக்கு மஞ்சள் தருகிற கரோட்டினை எருமை உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது. கொழுப்பும் புரதமும் அதிகம் என்பதால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும். ஆனால் கைக்குழந்தைக்கு அது வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை பசும்பாலோ எருமைப் பாலோ குடிபாலாகக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் இதய நோய்க்காரர்களானால் ஏட்டை எடுத்துவிட்டுக் குடிக்கலாம்.

போன ஐப்பசியில் கறுப்பி மறுபடியும் கன்று போட்டாள். இதுவும் கிடாதான். சீம்பால் முழுவதும் அதற்கே விட்டேன். தெருவில், "திரட்டுப்பால் எங்கே?" என்று கேட்டார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்றேன். பத்தாம் நாள் மருந்தும் கொடுத்தாயிற்று. இப்போது கொல்லையில் துள்ளிக்கொண்டிருக்கிறது. என் பேத்தி தவழ்ந்து போன அதே கொல்லையில் இன்று அதன் பின்னால் ஓடுகிறாள். காலை ஐந்தரைக்கு வாளியை எடுத்ததும் கறுப்பி ஒரு குரல் கொடுப்பாள், பாருங்கள்! உங்கள் வீட்டிலும் கறவை இருந்தால், நாளைக் காலையிலிருந்து நேரத்தை மட்டுமாவது மாற்றாமல் உட்கார்ந்து பாருங்களேன்.